பனித்தளத்துக்கு அடியில்

அந்த ஷாப்பிங் மாலின் இரண்டு ஓரங்களும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் இருக்கவும் வழியில்லை. நடுக்கூடத்தில் கைதவறி விழும் தண்ணீர் பாட்டில் கிழக்கு நடைக்கூடத்தில் தானாக உருண்டு, அழகு நிலையத்தைத் தாண்டி, பூட்டிக் கிடந்த பொம்மைக் கடையின் ஷட்டரில் முட்டித்தான் நிற்கும். மேற்கே விழுந்தால் மூடிய சினிமா அரங்கின் வாசல்வரை போகும். செருப்புக் கடைக்காரர் அலமாரிகள் சாயாமல் இருக்க முதலில் அட்டையை மடித்துச் செருகினார், பிறகு மரக்கட்டை, இப்போது செங்கல். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையின் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் கோணலாக இருக்கிறது என்றார்கள். கழற்றிக் கோணலாக மாட்டினார். இப்போதுதான் சரி என்றார்கள்.

"புதுச் செருப்பைப் போட்டுப் பாக்குறவங்க எல்லாம் ஒரு கால் குட்டையா இருக்குங்கறாங்க" என்று செருப்புக் கடைக்காரர் புலம்புவார். "நான் செருப்பைக் குறை சொல்றதா, காலைக் குறை சொல்றதா?"

"காலையே சொல்லுங்கண்ணே" என்பார் கண்ணாடிக் கடைக்காரர். "செருப்புன்னா மாத்திக் கேப்பாங்க. காலை யாரும் மாத்திக் கேக்க மாட்டாங்க."

இறங்குவதற்கு எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அந்த இடம் முன்பு குளம். தூர்த்த குளத்தின்மேல் கட்டிய கட்டடம் வேறு எப்படி இருக்கும்?

குளத்தைத் தூர்த்தவரை எல்லோரும் பஸ்காரர் என்றே அழைத்தார்கள். ஒரு காலத்தில் அவருடைய பஸ்கள்தான் அந்தப் பக்கமெல்லாம் ஓடின. நகரத்தில் நிரம்பிப் புறப்படும் பஸ் பாதி வழியிலேயே காலியாகி, கடைசி நிறுத்தத்துக்கு டிரைவரும் கண்டக்டரும் மட்டும் பேசிக்கொண்டு வந்து சேர்வார்கள். நிறுத்தத்துக்கு அப்பால் கோரைப்புல்லும் குளமும். கடைசிவரை ஆள் வரவேண்டுமானால் கடைசியில் ஏதாவது இருக்கவேண்டும் என்று பஸ்காரர் கணக்குப் போட்டார். துணிக்கடையும் நகைக்கடையும் நகரத்திலேயே இருந்தன. சினிமா இருந்தது. இல்லாதது எது என்று தேடிப்போய், ஆண்டு முழுக்க வியர்வை காயாத அந்த ஊரில் சறுக்கி விளையாடப் பனிக்கட்டியால் ஒரு தரை போடுவது என்று முடிவு செய்தார். அதன் மேல் கண்ணாடிக் கூரை, அதைச் சுற்றிக் கடைகள்.

"வீட்டு ஃப்ரிட்ஜே சரியா வேலை செய்யலை. அதைப் பாத்துட்டு அப்புறமா ஊருக்கு ஐஸ் போடுங்க" என்று அவர் மனைவி சொன்னதைக் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஃப்ரிட்ஜைச் சரி செய்ய வந்தது அந்த அம்மாளின் தம்பி. அவர்தான் பிற்பாடு பனித்தளத்தின் இயந்திர அறைக்கும் பொறுப்பானார். வெளிநாட்டிலிருந்து வந்து கருவிகளைப் பொருத்தியவர்களோடு கூடவே இருந்து வேலை கற்றுக்கொண்டார். மாலில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவர் கம்ப்ரஸர் மாமா.

திறந்த அன்று வந்தவர்கள் யாரும் எதையும் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூச்சலோடு அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வந்ததும் யாரும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டார்கள். வெள்ளைத் தரை, அதற்குள் இன்னொரு வானம்போலக் கூரையின் பிம்பம். பெரியவர்கள் செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்துப் பார்த்து, சுட்டதுபோல வெடுக்கென்று எடுத்தார்கள். பழம் விற்கும் ஒரு பெண் ஓரமாகக் குனிந்து உள்ளங்கையைப் பனியில் பதித்து, வலி தாங்காமல் போகும்வரை அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து அந்தக் கையைப் புருஷனின் கன்னத்தில் வைத்தாள். அவன் துள்ளிக் குதித்ததைப் பார்த்து அந்தப் பக்கமே சிரித்தது. தன் வாயிலிருந்து புகை வருவதைக் கண்ட ஒரு கிழவர், எதிரே நின்றவரிடம், "உங்களுக்கும் வருதா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

பஸ்கள் கடைசி நிறுத்தம்வரை நிறைந்து வந்தன. ஆட்கள் வந்தால் வீடுகள் வரும், வீடுகள் வந்தன. பள்ளிக்கூடம், வங்கி, காவல் நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசி நிறுத்தம் ஒரு புறநகரின் நடுப்பகுதியாயிற்று. கடும் மின்வெட்டு இருந்த ஒரு கோடையில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. பஸ்காரர் தன் பஸ்களின் டாங்கிகளிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கச் சொன்னார். பஸ்கள் டிப்போவில் நின்றன. பனி நிற்கவில்லை. "ஐஸ் இருக்கிறவரைக்கும்தான் இந்த இடம் இருக்கும்" என்பது அவர் பேச்சு. "அதை நிறுத்தணும்னா முதல்ல என்னை நிறுத்துங்க."

எந்த நாளில் சரிவு தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் இதைவிடப் பெரிய மால் ஒன்று வந்தது. மேற்குப் பக்கத்தில் பெரும்பகுதியை நிறைத்திருந்த பலசரக்கு அங்காடி அங்கே போனது. பிறகு எல்லோரும் கைபேசியில் பொருள் வாங்கப் பழகினார்கள். சினிமா அரங்கு மூடியது. பொம்மைக் கடைக்காரர் ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டு, கிளம்பும்போது எல்லோருக்கும் ஆளுக்கொரு பம்பரம் கொடுத்துவிட்டுப் போனார். மிஞ்சியவை கிழக்குப் பக்கத்தில் சில கடைகள்: செருப்பு, கண்ணாடி, அழகு நிலையம், ஜூஸ் கடை, கைபேசி பழுது பார்க்கும் ஒருவர். பனித்தளத்தில் சனி ஞாயிறுகளில் பத்துப் பேர் சறுக்கினால் அதிகம்.

இப்போது மால் பஸ்காரரின் மகள் கையில் இருக்கிறது. அப்பாவின் பஸ்களை விற்று வங்கிக்குக் கட்டியவளும் அவள்தான். ஒரு மருத்துவமனைக்காரர்கள் கட்டடத்தைக் கேட்டு வந்தபோது அவளுக்குப் பல வருடங்களுக்குப் பிறகு மூச்சு விட்டதுபோல இருந்தது. அவர்கள் பேச்சு தெளிவாக இருந்தது. மண்ணைச் சோதித்துக் கட்டடம் நிற்கும் என்று எஞ்சினியர் சொன்னால் கட்டடமாக வாங்குவார்கள். மிஞ்சியிருக்கும் கடைகளும் கீழ்த்தளத்தில் இருக்கலாம். நிற்காது என்றால் வெறும் மனையாக வாங்கி எல்லாவற்றையும் இடித்துவிடுவார்கள்.

இடிப்பது என்ற சொல்லை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எண்பது வயதிலும் அவர் தினமும் காலையில் வந்து பனித்தளத்தின் கைப்பிடிக் கம்பியோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

மண் எஞ்சினியர் நடுவயதுப் பெண்மணி. வந்த அன்றே கடைக்காரர்கள் அவருக்கு மண் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முக்காலியில் ஒரு தூரநோக்கியை நிறுத்தி, உதவியாளரை அளவுகோலுடன் மூலைமூலையாக நடக்கவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மகளையும் கம்ப்ரஸர் மாமாவையும் கூப்பிட்டார்.

"ஓரம் இறங்கியிருக்குன்னு யார் சொன்னது?"

"எல்லாரும்தான்" என்றாள் மகள்.

"ஓரம் அப்படியேதான் இருக்கு. வெளியில ரோட்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன். நடுவுதான் ஏறியிருக்கு."

மாமா குனிந்து தரையைப் பார்த்தார். "கட்டடம் வளருதுங்கறீங்களா?"

"கட்டடம் வளரலை சார். அடியில எதுவோ வளருது."

மறுநாள் துளையிடும் இயந்திரம் வந்தது. பனித்தளத்தின் விளிம்பை ஒட்டி, கூரையைத் தாங்கும் தூண்களில் ஒன்றின் பக்கத்தில் தரையைத் துளைத்தார்கள். மேல்மண் சாதுவாக வந்தது. கொஞ்சம் இறங்கியதும் இயந்திரம் பாறையில் மாட்டியதுபோல அலறத் தொடங்கியது. அழகு நிலையத்துப் பெண் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "குளத்துல எங்கேர்ந்து பாறை வந்துச்சு?" என்றார் செருப்புக் கடைக்காரர்.

குழாயை மேலே இழுத்து, உள்ளே இருந்ததை ஒரு தகரத் தட்டில் தள்ளினார்கள். கை நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் உருளை. தட்டில் விழுந்தபோது கட்டைபோல ஓசை எழுந்தது. அதன் குறுக்கே வரிவரியாகக் கண்ணாடித் தகடுகள் ஓடின. சில நகக்கனம், சில விரல்கனம். மண், கண்ணாடி, மண், கண்ணாடி. சற்று நேரத்தில் உருளையின் மேல் வெள்ளையாகப் பூத்தது. தட்டின் ஓரத்தில் தண்ணீர் சேர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடித் தகடுகள் மெலிந்து காணாமல் போக, அத்தனை இறுக்கமாக இருந்த மண் தளர்ந்து, சாய்ந்து, சேறாகிப் படுத்தது.

"ஐஸா?" என்றாள் மகள்.

"ஐஸ்தான்." மண் டாக்டரே குனிந்து இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். "நான் இதைப் புத்தகத்துல படிச்சிருக்கேன். குளிர் நாடுகள்ல நடக்கும். கையால தொடறது இப்பத்தான்." பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "பனித்தளத்துக்கு அடியில குளிர் இறங்காம இருக்க ஒரு தடுப்பு போட்டிருப்பாங்க. அதுக்கும் கீழே வெதுவெதுப்பான தண்ணி ஓடுற குழாய் இருக்கணுமே?"

"இருக்கு" என்றார் மாமா. "ஓடலை."

"எத்தனை நாளா?"

மாமா தன் தலையைத் தடவிக்கொண்டார். "நாளெல்லாம் இல்லைங்க. பலசரக்குக்காரங்க காலி பண்ணிட்டுப் போனாங்களே, அந்த வருஷமே அந்தத் தண்ணிக்கான பம்ப் எரிஞ்சுபோச்சு. ஐஸுக்கு அடியில அடுப்பு எதுக்குன்னு நான்தான் கேட்டேன். கேட்டதும் அத்தான் விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"புது பம்ப் வேண்டாம்னு எழுதினது நான்" என்றாள் மகள்.

மேலே இருக்கும் குளிர் கீழேயும் இறங்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவர்கள் பிறந்து வளர்ந்த வெயிலில் இடமில்லை. குளிர் என்றால் கதவைத் திறந்தால் போய்விடுவது, விசையை அணைத்தால் தீர்ந்துவிடுவது. அது மண்ணுக்குள் ஊறும், குளத்து ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துத் தகடு தகடாக அடுக்கும், அடுக்கி அடுக்கி ஒரு கண்ணாடிக் கூரையையும் தூண்களையும் பொறுமையாக மேலே தூக்கும் என்பதை அவர்கள் எங்கே கண்டார்கள்?

இனிக் கேள்வி ஒன்றுதான். உறைந்த மண் எதுவரை போயிருக்கிறது? நடுக்கூடம் தப்பாது என்று மண் டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். உருகும்போது அந்த மண் தட்டில் கிடந்த சேறுபோல ஆகிவிடும், தூண்கள் நிற்காது. கூரையை முன்கூட்டியே பிரித்து இறக்கவேண்டும். இரு பக்கக் கட்டடங்களுக்கு அடியிலும் குளிர் போய்விட்டதா என்று தெரிந்தால்தான், மருத்துவமனைக்கு விற்க ஏதாவது மிஞ்சுமா என்று சொல்ல முடியும்.

மேற்கே துளை போட்டுக்கொண்டே போனார்கள். பலசரக்கு அங்காடியின் வாசலில் இயந்திரம் அலறியது. உள்ளே, வெறும் அலமாரிகளுக்கு நடுவே போட்ட துளையிலும் அலறியது. சினிமா அரங்கில் சீட்டு வாங்கும் ஜன்னலுக்குக் கீழே வந்தபோது மகள் அந்த ஓசையைக் கேட்க நிற்காமல் வெளியே போய்விட்டாள். குழாயிலிருந்து மறுபடியும் வரிவரியாகக் கண்ணாடி விழுந்தது.

"மேற்கு போச்சு" என்று மாமா வந்து சொன்னார். "முழுசா."

கிழக்கில் மறுநாள். ஜூஸ் கடைக்கு முன்னால் உறைந்திருந்தது, ஆனால் தகடுகள் மெல்லியவை. கண்ணாடிக் கடைக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்கு மட்டும். அதற்கடுத்த துளை அழகு நிலையத்தின் வாசலில். அந்தப் பெண் மிதியடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய், கதவை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். செருப்புக் கடைக்காரர் கடையில் யாரோ காத்திருப்பதை மறந்து வந்து நின்றார். இயந்திரம் இறங்கியது. அலறவில்லை. இன்னும் இறங்கியது. தட்டில் தள்ளியபோது மண் மெத்தென்று விழுந்து பரவியது.

மண் டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். "சில்லுனு இருக்கு. ஆனா மண்ணு மண்ணாத்தான் இருக்கு."

"அப்ப கிழக்கு நிக்குமா?" என்றாள் மகள்.

"இன்னிக்கு நிக்கும். முன்னாடி இருக்கிற மெல்லிசுத் தகடு உருகினாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. இந்தக் குளிர் ஒரே இடத்துல நிக்கிற ஆள் இல்லை மேடம். மேல ஐஸ் இருக்கிறவரைக்கும் அது வந்துக்கிட்டேதான் இருக்கும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டா இந்தப் பொண்ணு கடைக்கு அடியிலயும் வந்துடும்."

எல்லோரும் பனித்தளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பிடிக் கம்பியோரம் பஸ்காரர் உட்கார்ந்திருந்தார். இயந்திர அறையை அவர் வார்த்தை இல்லாமல் நிறுத்த மாமா ஒப்பமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். மகளுக்கும் மனம் வராது.

அவள் போய் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அப்பா, ஐஸை நிறுத்தணும்."

"அதுக்கு முன்னாடி என்னை நிறுத்தணும்னு சொல்லியிருக்கேன்ல?"

"சொல்லியிருக்கீங்க. நிறுத்தலைன்னா கிழக்கும் போயிடும். எல்லாத்தையும் இடிப்பாங்க."

"யாரு சொன்னா?"

"மண் டாக்டர்."

"அவங்களைக் கூப்பிடு. அவங்க என்னத்தை எடுத்தாங்களோ அதையும் எடுத்துட்டு வரச் சொல்லு. மூணு நாளா என் காதுகிட்ட கத்துது, ஒருத்தரும் எனக்குக் காட்டலை."

தூணுக்குப் பக்கத்தில் இருந்த முதல் துளையில் மறுபடியும் குழாயை இறக்கி, இன்னும் ஆழத்திலிருந்து ஓர் உருளையை எடுத்தார்கள். தட்டை அவர் மடிக்கு அருகே பிடித்தார்கள். பஸ்காரர் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கினார். கனம் எதிர்பார்க்காததால் கை தாழ்ந்தது. மாமா தாங்கிப் பிடிக்கப் போனார்.

"விடு மச்சான்."

உருளையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மண்ணே கலக்காத ஒரு தகடு இருந்தது. கூரையிலிருந்து இறங்கிய வெயில் அதற்குள் புகுந்து அவர் வேட்டியில் நீலமாக விழுந்தது. அவர் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு ஆழத்துல இருந்துச்சும்மா இது?"

"நாலு ஆள் ஆழம் ஐயா. குழாய் அவ்வளவுதான் போகும். அதுக்கும் கீழே இருக்கு. எங்க முடியுதுன்னு எனக்கே தெரியலை."

"இந்த வெயில்ல?"

"இந்த வெயில்லதான்."

அவர் வெளிவாசலைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தார்ச்சாலை கானலில் நெளிந்துகொண்டிருந்தது. நடைபாதையில் ஒருவர் செய்தித்தாளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார். பஸ்காரரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து மகள் அவர் முழங்காலைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் மேல மட்டும்தான் ஐஸ் போட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

உருளை அவர் கையில் கசியத் தொடங்கியிருந்தது. சேற்றுத் தண்ணீர் முழங்கைவழி இறங்கி வேட்டியில் சொட்டியது. அவர் தட்டில் வைக்கவில்லை. கிழக்கு நடைக்கூடத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அழகு நிலையத்துப் பெண் சுருட்டிய மிதியடியைக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, அது உன் கடை வாசல்வரைக்கும் வந்துடுச்சாமே?"

"வரலைங்க ஐயா. வாசலுக்கு முந்தியே நிக்குதாம்."

"நிக்கலையாம். வந்துக்கிட்டிருக்காம்." அவர் தன் கையைப் பார்த்தார். தகடு இப்போது பாதிதான் இருந்தது. "இதுகிட்ட நின்னு பேசி ஒண்ணும் ஆகாது மச்சான். நான் டீசல் ஊத்தி வளத்தது. நான் சொன்னா கேக்காது. போய் நிறுத்திடு."

மாமா நகரவில்லை. "அத்தான், யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கிறதுக்குள்ள அது இன்னும் கொஞ்ச தூரம் போயிடும். போடா."

மாமா இயந்திர அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றார் கைபேசி பழுது பார்ப்பவர்.

சத்தம் எதுவும் இல்லை. அத்தனை வருடங்களாகத் தரைக்குள்ளும் சுவர்களுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்த ஓர் உறுமல் நின்றிருந்தது. அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கூரையின் இரும்புச் சட்டங்களில் குருவிகள் பேசிக்கொண்டிருந்தன. ஜூஸ் கடைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்புக் கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் குரல் கூடம் முழுக்கக் கேட்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போய் மருத்துவமனைக்காரர்களிடம் பேசினாள். கிழக்குப் பக்கம் நிற்கும் என்றாள். நடுவையும் மேற்கையும் பிரித்து இறக்கவேண்டும், மண் உருகும்வரை அங்கே எதுவும் கட்டக்கூடாது என்று மண் டாக்டர் எழுதிக் கொடுப்பார் என்றாள். மறுமுனையில் நிறைய கேள்விகள் கேட்டார்கள். கடைசிக் கேள்வியை அவர்கள் இரண்டு முறை கேட்கவேண்டியிருந்தது. "ஆமாங்க, ஐஸ்தான்" என்றாள். "நீங்களே வந்து தொட்டுப் பாருங்க." அவர்கள் மறுநாளே வருவதாகவும், கிழக்குப் பக்கம் மட்டும் என்றாலும் கட்டடமாகவே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அவள் திரும்பி வந்து, கடைக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அழகு நிலையத்துப் பெண் மிதியடியை வாசலில் விரித்துப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பனித்தளத்தின் மேல் பகல் வெளிச்சத்தில் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி எழும்பியிருந்தது. அதன் அடியில் வெண்மை மங்கி, தண்ணீர் பளபளக்கத் தொடங்கியது. பஸ்காரர் கையைக்கூடக் கழுவாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உருக எத்தனை நாளாகும்மா?"

"மேல இருக்கிறது ஒரு வாரத்துல போயிடும்" என்றார் மண் டாக்டர்.

"கீழ இருக்கிறது?"

"அது அவ்வளவு சீக்கிரம் போகாதுங்க ஐயா. பல வருஷம் ஆகும்."

"அப்ப ஆஸ்பத்திரி திறந்து, நோயாளிங்க வந்து படுத்து, எழுந்து வீட்டுக்குப் போறபோதும் இங்க இருக்குமா?"

மண் டாக்டர் துளையை எட்டிப் பார்த்தார். அதிலிருந்து வந்த காற்று அவர் முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கும்" என்றார்.